பனங்கையா, படகுப் பலகையா? கடலோரத்துக் கோழிக்கூட்டுக்கு ஏற்ற பழைய மரம்

அக்காவை ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரப் பெரியபட்டினத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன மாதம் போனில் பேசும்போது, "பன்னெண்டு உருப்படி ஆயிருச்சுடா, பஞ்சாரத்துல கவுத்து மாளல. கூடு ஒண்ணு அடிக்கணும். மரத்துக்குன்னு காசு போட மாட்டேன், கிடக்குறத வச்சே அடிச்சுத் தா" என்றாள். போய்ப் பார்த்தேன். கொல்லையில் மூன்று குவியல் கிடந்தது. ஒன்று, மச்சானின் அப்பா ஓட்டிய வள்ளத்தைப் பிரித்த பலகைகள். இரண்டாவது, பழைய அடுப்படியின் ஓட்டுக்கூரையை இறக்கியபோது எடுத்து வைத்த பனங்கைகள் (பனைமரத்தைப் பிளந்து எடுத்த கூரைச் சட்டங்கள்), அவற்றோடு ரீப்பர்கள், சீமை ஓடுகள். மூன்றாவது, புதுவீடு கட்டும்போது மிஞ்சிய சென்ட்ரிங் பலகை. போதாததற்கு, தூத்துக்குடியில் லாரி ஓட்டும் உறவுக்காரப் பையன் துறைமுகத்துப் பக்கம் கிடைக்கும் பேலட் கட்டைகளை ஏற்றி அனுப்புவதாகச் சொல்லியிருந்தான்.

மச்சானுக்கு வள்ளப் பலகைதான் வேண்டும். அக்காவுக்கு எதுவானாலும் சரி, சீக்கிரம் முடிந்தால் போதும். நான் பனங்கைப் பக்கம். இந்த மூன்று நான்கு மரங்களில் எதை எங்கே போடலாம், எதை எங்கே போடவே கூடாது என்று அவர்களிடம் நாள் முழுக்கப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரைக்கும் எந்தக் கொல்லையில் பார்த்தாலும் இதே குவியல்கள்தான் கிடக்கின்றன. யாருக்காவது உதவும்.

நாட்டுக்கோழி பகலெல்லாம் மேய்கிறது. கூடு அதற்கு ராத்தங்கும் இடம், முட்டையிடும் இடம், மழைக்கு ஒதுங்கும் இடம். பொழுது சாய்ந்து அடைந்தால் விடியும்வரை ஏறக்குறைய 12 மணி நேரம் அதே காற்றைத்தான் மூச்சு வாங்கும், அதே கட்டையில்தான் உட்காரும், விடியலில் கதவு திறக்கும்வரை அதே பலகையைத்தான் கொத்தும். கோழிக்குக் கை கிடையாது, எதையும் அலகால் கொத்தித்தான் தெரிந்துகொள்ளும். ஆகவே மரம் உறுதியா என்று கேட்பதற்கு முன்னால், கொத்தினால் வயிற்றுக்குள் என்ன போகும், ராத்திரியில் ஈரம் கோர்க்குமா, சந்துகளில் பூச்சி ஒளியுமா என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விக்கும் பதில் சரியாக இருந்தால், உறுதி கொஞ்சம் குறைந்தாலும் முட்டுக்கொடுத்துச் சமாளித்துவிடலாம்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். மேய்ந்து திரியும் நாட்டுக்கோழிக்கு ராத்தங்க ஒன்றுக்கு 2 சதுர அடி போதும். 12 கோழிக்கு 24 சதுர அடி, அதாவது 6-க்கு 4. பகலிலும் அடைத்தே வளர்ப்பதாக இருந்தால் இதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். உட்காரும் கட்டையில் ஒரு கோழிக்கு 9 அங்குலம் கணக்கிட்டால் 9 அடி நீளம் தேவை. ஐந்தரை அடியில் இரண்டு கட்டை நீளவாட்டில் போட்டால் தாராளம். நான்கைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப்பெட்டி வீதம் ஒரு கன அடிப் பெட்டி மூன்று. தரையிலிருந்து 2 அடி உயரத்தில் தளம். அடியில் காற்று ஓடும், மழைத்தண்ணீர் நின்றாலும் உள்ளே வராது, பகல் வெயிலுக்குக் கோழிகள் அங்கேயே படுத்துக்கொள்ளும்.

வள்ளத்துப் பலகை

மச்சானின் ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பலகையைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றரை அங்குலக் கனம், அயினியோ தேக்கோ, தட்டினால் கணீரென்று கேட்கும். இருபது முப்பது வருசம் கடலில் கிடந்து மிஞ்சிய மரம். அணியத்துப் பக்கம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், வளைத்த பலகைகளில் பழைய ஆசாரியின் உளி பட்ட இடம் இன்னும் தெரிகிறது. இதைப் போய் அடுப்பில் வைக்க யாருக்கும் மனம் வராது. விலையும் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். அந்தச் சமயத்தில் கழற்றிப் போட்ட பலகைகள் கரையோரம் கும்பல் கும்பலாகக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்களில் பலர் ஃபைபருக்கு மாறிவிட்டதால் பழைய மர வள்ளங்களும் பிரிபட்டுக்கொண்டே இருக்கின்றன.

ஆறு வருசத்துக்கு முன் எங்கள் வீட்டில், தேவிபட்டினம் பக்கம், நான் முதன்முதலாக அடித்த கூடு முழுக்க வள்ளப் பலகைதான். பார்க்க அழகாகவே இருந்தது. முதல் வாடைக்காலத்திலேயே மூன்று விஷயம் தெரிந்துபோனது.

முதலாவது உப்பு. கடலில் ஊறிய மரம் வெளியே காய்ந்தாலும் உள்ளே உப்பு இருக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் விடிகாலை கூட்டுக்குள் கையை விட்டால் பலகை வேர்த்தது மாதிரி நசநசவென்று இருக்கும். கீழே போட்ட உமி காயவே காயாது. ஈர உமியும் எச்சமும் சேர்ந்தால் அமோனியா வாடை கிளம்பும், அந்தக் காற்றையே ராத்திரி முழுக்க இழுத்தால் கோழிக்குக் கண்ணில் நீர் வடியும், சளி பிடிக்கும். அடித்த ஆணிகளும் அப்படியே. வீட்டு வெளிச்சுவரில் அடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) ஆணியைவிட வள்ளப் பலகையில் அடித்த அதே ஆணி சீக்கிரம் துருவேறிக் கழுத்தில் முறிந்தது. மரத்துக்குள்ளிருந்தே அரித்திருக்கிறது.

இரண்டாவது பெயின்ட். வள்ளத்துக்கு வருசா வருசம் பெயின்ட் அடிப்பார்கள். சிப்பி ஒட்டாமல் இருக்க அடிமட்டத்தில் செம்பு கலந்த பெயின்ட், மேலே எனாமல், அதற்கும் அடியில் பழைய எனாமல், சில இடத்தில் தார். ஏழெட்டுப் படலம் இருக்கும், வெயிலில் ஓடு ஓடாக உரியும். உரிந்த துண்டு பளபளப்பாக இருப்பதால் கோழி முதலில் அதைத்தான் கொத்தும். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எந்தப் பெயின்டையும் ஈயம் உள்ளது என்றே எடுத்துக்கொள்வது நல்லது. கோழி தின்ற ஈயம் முட்டையின் மஞ்சள் கருவில் சேரும், அந்த முட்டையை நாம் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுப்போம். சுரண்டி எடுத்துவிடலாமே என்பீர்கள். சுரண்டிய தூளைக் கொல்லை மணலில் கொட்டினால் அதே கோழி அதே மணலில்தான் குளிக்கும். எரித்தால் சாம்பலில் ஈயம் நிற்கும், அந்தச் சாம்பலை வேப்பிலையோடு கலந்து மண்குளியலுக்குப் போடுகிற பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. பெயின்ட் அடித்த கட்டையை எரித்த சாம்பலைக் கோழி இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. வள்ளப் பலகையில் கலப்பத்து பார்த்த, அதாவது தண்ணீர் புகாமல் அடைத்த, சந்துகள் இருக்கும், பழைய ஆணி ஓட்டைகள் இருக்கும், கடற்புழு துளைத்த குழல்கள் இருக்கும். செம்பி என்று ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது, பதினோரு முட்டை. பதினைந்தாம் நாள் காலையில் முட்டையை விட்டு இறங்கி மூலையில் நின்றது. கொண்டை வெளுத்து மெழுகு மாதிரி இருந்தது. தீனி வைத்தேன், தொடவில்லை. பகலில் பெட்டியைத் துழாவினேன், ஒன்றும் கண்ணில் படவில்லை. ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு போய், உட்காரும் கட்டையின் அடிப்பக்கம் விரலால் இழுத்தேன். விரலில் ரத்தம் அப்பியது. வெளிச்சத்தில் பார்த்தால் அந்தத் தடத்தில் கடுகைவிடச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சிவப்பு உண்ணி. பகலில் மரச் சந்தில் கிடந்துவிட்டு ராத்திரியில் இறங்கி ரத்தம் குடிக்கும் ஜாதி. அடையில் இருக்கும் கோழி எழுந்து போகாது, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே ரத்தம் கொடுத்திருக்கிறது. மறுநாள் செம்பி செத்துவிட்டது. முட்டைகளுக்குள் குஞ்சு முக்கால்வாசி உருவாகியிருந்தது.

நல்ல சூட்டில் முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிடுகிற வரைக்கும் அந்த உண்ணிக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். கோழியே இல்லாமல் சந்துக்குள் பல மாதம் கிடக்கவும் அதற்குத் தெரியும். கூட்டைக் காலியாகப் போட்டு வைப்பதால் தீராது. சந்து குறைவாக உள்ள மரம் என்பது அழகுக்காகச் சொல்கிற பேச்சு இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே வள்ளப் பலகையைக் கூட்டுக்குள்ளே எங்கும் போடக் கூடாது என்பது என் முடிவு. கூட்டுக்கு வெளியே அதற்கு நல்ல இடம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

பனங்கை

ஓட்டு வீடு பிரிக்கும்போது கிடைக்கிற பனங்கையை யாரும் மதிப்பதில்லை. வேலிக்கு ஊன்றுகிறார்கள், விறகுக்குப் போடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண் என்றால் காரைக்குடிப் பழைய மரச்சாமான் கடைக்காரர்கள் தேடி வந்து வாங்குவார்கள். பனங்கைக்கு அப்படி யாரும் வருவதில்லை. ஆனால் கோழிக்கூட்டுச் சட்டத்துக்கு நம் கடற்கரையில் இதைவிட ஏற்ற பழைய மரம் எனக்குத் தெரிந்து கிடையாது.

காரணம் பனையின் உடம்பிலேயே இருக்கிறது. மற்ற மரத்துக்கு நடுவில் வைரம், வெளியே வெளிறு. பனைக்கு நேர்மாறு. வெளிவட்டத்தில் கறுப்பு நார் நெருக்கமாக ஓடும், அதுதான் வைரம். உள்ளே போகப் போகச் சோறு, பஞ்சு மாதிரி. முற்றிய பனையை நீளவாட்டில் பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளி, வைரத்தை மட்டும் கைகளாக எடுப்பார்கள். அப்படி எடுத்த கை கூரைக்குக் கீழே நாற்பது ஐம்பது வருசம் அடுப்புப் புகை குடித்து இருந்திருக்கிறது. கரையான் வைரத்தை லேசில் தொடாது. பெயின்டும் கிடையாது, பனங்கைக்கு எந்த வீட்டில் பெயின்ட் அடித்தார்கள்? கோழி கொத்தினால் அலகுதான் நோகும்.

பச்சைப் பனையை வெட்டி எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம். பனை நம் மாநில மரம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. சாயல்குடி, கடலாடிப் பக்கமெல்லாம் இன்னும் பனையை நம்பி அடுப்பு எரியும் குடும்பங்கள் இருக்கின்றன. பழைய கையே ஊர் ஊராகக் கிடக்கும்போது நிற்கிற மரத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை. பனங்கையை அறுப்பது கஷ்டம். வாள் பாதியில் கறுப்பு நாரில் மாட்டிக்கொள்ளும், பல் சீக்கிரம் மழுங்கும். சிலாம்பு ஏறினால் ஊசியைவிட மோசம், நகக்கண்ணில் ஏறியது எனக்கு ஒரு வாரம் சீழ் பிடித்து வலித்தது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கை எல்லாம் ஒரே கனத்தில் இருக்காது, அடிக்கை பருமனாகவும் நுனி ஒல்லியாகவும் இருக்கும், சட்டம் கோர்க்கும்போது பார்த்துச் சேர்க்க வேண்டும். நேராக ஆணி அடித்தால் நார் வழியே பிளந்துகொண்டு போய்விடும். எங்கள் ஊர்ப் பெரிய ஆசாரி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பனையில ஆணிய அடிக்கப்படாது தம்பி. துளை போட்டு உக்கார வைக்கணும்." டிரில் மிஷினில் திருகாணியைவிடக் கொஞ்சம் சின்னத் துளை போட்டு, திருகாணியை ஏற்றினால் அப்படியே நிற்கும்.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். கையின் உள்பக்கத்தில் சோறு மிச்சம் இருந்தால் கரையான் அங்கிருந்துதான் தொடங்கும். நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிற பாகத்தையெல்லாம் உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு, வேப்பெண்ணெய் இரண்டு கை பூசுங்கள். சுவரில் புதைந்திருந்த ஒரு அடி நுனி மக்கியிருக்கும், அதை வெட்டித் தள்ளிவிட வேண்டியதுதான்.

உட்காரும் கட்டைக்கு மட்டும் பனங்கை வேண்டாம். விளிம்பு கூர், சிலாம்பு காலில் ஏறினால் பாதம் வீங்கிப் புண்ணாகும். அதற்குச் சாரம் கட்டிய பழைய சவுக்குக் கம்பு இருந்தால் போதும். ஒன்றரை இரண்டு அங்குலப் பருமன், பட்டையை உரித்துவிட வேண்டும், பட்டைக்கு அடியில்தான் உண்ணி குடியிருக்கும். இரண்டு பக்கமும் வெட்டு போட்ட சட்டத்தில் சும்மா உட்கார வையுங்கள். ஆணி அடிக்காமல் வைத்தால் வாரம் ஒருமுறை கழற்றி வெயிலில் போடலாம், கொதிநீர் ஊற்றலாம்.

பேலட் கட்டை

தூத்துக்குடிப் பையன் சொன்ன பேலட்டைப் பற்றி. இது கப்பல் சரக்குக்கு அடியில் வைக்கிற மரத் தட்டு. பெரும்பாலும் பைன் மாதிரி மெல்லிய மரம். அறுக்கச் சுலபம், பலகைகள் ஒரே அளவில் வரும், சுவர் அடைக்கக் கைக்கு வாகாக இருக்கும். அதில் ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள், கதிர் மாதிரி ஒரு படமும் பக்கத்தில் எழுத்துகளும். 'எச்.டி.' என்றிருந்தால் மரத்தின் உள்மையம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது. அதை எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு போட்டது. அதை எடுக்காதீர்கள். முத்திரையே இல்லாவிட்டால், எண்ணெய்க் கறையோ மருந்து வாடையோ இருந்தால், அதுவும் வேண்டாம். மேலே என்ன சரக்கு ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் நம் ஊர்க் காற்றுக்கு இந்த மரம் தாங்காது. கரையான் அல்வா மாதிரித் தின்னும். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் போட்டால் பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். மண்ணிலிருந்து 2 அடி உயரத்தில், கூரை நன்றாக இறங்கியிருக்கிற பக்கத்தில், முட்டைப்பெட்டிக்கும் உள்தடுப்புக்கும் போட்டால் சில வருசம் வரும். மக்கினால் மாற்றிக்கொள்ளலாம், செலவில்லை. பெட்டிக்கு இதைத்தான் நான் எடுப்பேன். முறுக்காணி அடித்திருப்பதால் பிடுங்கவே முடியாது, பிளந்துவிடும். ஆணி இருக்கும் முனைகளை அப்படியே அறுத்துத் தள்ளிவிட்டு நடுப்பலகையை எடுத்துக்கொள்வதுதான் வேலை மிச்சம்.

மற்றவை

சென்ட்ரிங் பலகை வேண்டவே வேண்டாம். காங்கிரீட் ஒட்டாமல் இருக்க அதில் பழைய இன்ஜின் ஆயிலும் டீசலும் பூசியிருப்பார்கள். வெயில் ஏறினால் வாடை வரும். ரயில் ஸ்லீப்பர் கட்டை எங்காவது கிடைத்தாலும் இதே பதில்தான், கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைத்தது. கோழிக்கும் ஆகாது, தொடுகிற நமக்கும் ஆகாது.

கீழக்கரைப் பக்கம் பழைய பெரிய வீடுகள் இடிபடும்போது தேக்குக் கதவு, சன்னல் சட்டமெல்லாம் வரும். விற்றால் நல்ல காசு வரும், கூட்டுக்காக அதை அறுப்பது எனக்குப் பிடிக்காது. பெயின்ட் படாத ஒற்றைச் சன்னல் கதவு, கீலோடு அப்படியே கிடைத்தால் மட்டும் கூட்டுக்கு வாசற்கதவாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

தீவுகளில் ஒதுங்கும் கட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் அங்கே இறங்குவதற்கே தடை, கட்டை பொறுக்கப் போகாதீர்கள். நம் கரையில் ஒதுங்குவதும் வள்ளப் பலகை மாதிரி உப்பு ஊறியதுதான், கூட்டுக்கு ஆகாது.

அக்காவின் கூட்டுக்குப் போட்ட கணக்கு

6-க்கு 4 கூட்டுக்கு முன்கால் இரண்டு 7 அடி, பின்கால் இரண்டு 5 அடி, ஆக 24. தளத்துக்குச் சுற்றுச் சட்டமும் நடுவில் இரண்டு குறுக்குமாக 28. மேல்சட்டம் 20. கூரைக்கு இறக்கம் இரண்டு பக்கமும் சேர்த்து ஆறரை அடியில் நான்கு கை, 26. மொத்தம் 98 அடி. பிரித்த கை ஒன்று பத்துப் பதினோரு அடி தேறும், மக்கியது வெட்டியது போகப் பன்னிரண்டு கை இருந்தால் போதும். அக்கா கொல்லையில் பதினெட்டு இருந்தது. ரீப்பரையும் அந்தக் குவியலிலேயே எடுத்துக்கொண்டோம்.

கூரைக்கு அதே அடுப்படியின் சீமை ஓடு. எழுபது, எழுபத்தைந்து ஓடு பிடிக்கும், ஒன்று ஏறக்குறைய இரண்டரை கிலோ, கூரையே 180 கிலோ கனம். பனங்கை அதைத் தாங்கும், பைன் சட்டமாக இருந்தால் நடு தொய்ந்துவிடும். இந்தக் கனம் காற்றுக்கு நல்லது. ஆனாலும் ஓரத்து வரிசை ஓடுகளைக் கம்பி கொடுத்து ரீப்பரோடு கட்டிவிடுங்கள், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் வந்த கடற்கரை இது. தகரம் சித்திரை வெயிலில் கோழியை வேகவைத்துவிடும், துருவும் ஏறும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்காதீர்கள், தூள் நுரையீரலுக்கு எமன். ஓடு இல்லாதவர்களுக்குப் பனை ஓலை நல்ல குளிர்ச்சி, இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

நீளவாட்டைக் கிழக்கு மேற்காக வையுங்கள், உச்சி சாய்ந்த வெயில் உள்ளே விழாது. அதற்கு மேல் எந்தப் பக்கம் அடைப்பது, எந்தப் பக்கம் வலை என்பது எந்தக் கடல் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் பாக் விரிகுடாப் பக்கம், தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினமெல்லாம், வாடையில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். வடக்கும் கிழக்கும் பலகை, தெற்கே வலை. பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடியில் கடல் தெற்கே. கச்சான் காற்றில் மணலும் உப்புச் சாரலும் தெற்கு மேற்கிலிருந்து வரும். அங்கே அந்த இரண்டு பக்கமும் கோழி உட்காரும் உயரத்துக்கு மேல்வரை பலகை, அதற்கு மேலே கூரைவரை ஒரு அடி வலை. எந்தப் பக்கமாக இருந்தாலும் மேலே அந்த ஒரு அடியை அடைத்துவிடக் கூடாது, சூடும் அமோனியாவும் அந்த வழியாகத்தான் வெளியேறும்.

வலைக்கு அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் போடுங்கள். அறுகோணக் கண் உள்ள கோழி வலையைக் கீரி இழுத்தே பிய்க்கும், மரநாய் கையை விட்டுக் கழுத்தைப் பிடிக்கும். பழைய மீன்வலை பகலில் குஞ்சுகளுக்கு மேலே காக்காவும் பருந்தும் இறங்காமல் விரித்துக் கட்ட உதவும், ராத்திரிக் காவலுக்கு உதவாது. பழைய மரத்தில் மிச்சம் பிடித்த காசையெல்லாம் திருகாணியில் போடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். கடலோரத்தில் மரத்துக்கு முன்னால் போவது ஆணிதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் உப்புக்குத் தாங்கும், கிடைக்காவிட்டால் 304. கீலுக்குப் பித்தளை, இல்லையென்றால் பழைய டயர் வார்.

சட்டம் கோர்த்து முடித்ததும் சந்துகளை அடைப்பதுதான் பெரிய வேலை. சிப்பிச் சுண்ணாம்பை நீர்த்துக் கெட்டியாகக் குழைத்து, பழைய ஆணி ஓட்டை, பலகை சேரும் இடம், பெட்டி மூலை ஒன்று விடாமல் விரலால் அழுத்தி அடைத்துவிட்டு, அப்புறம் உள்பக்கம் முழுக்க இரண்டு கை வெள்ளை அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகே கோழியை விட வேண்டும், பச்சைச் சுண்ணாம்பு காலையும் கண்ணையும் சுடும். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கூட்டுக்கும் அடித்துவிட்டால் மறக்காது. மாதம் ஒருமுறை ராத்திரி டார்ச்சோடு போய் உட்காரும் கட்டையின் அடியில் விரலால் இழுத்துப் பாருங்கள்.

வேலையை ஆடி ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். புரட்டாசியில் தொடங்கினால் சுண்ணாம்பு காய்வதற்குள் மழை பிடித்துக்கொள்ளும்.

மச்சான் கடைசிவரை மனசில்லாமல்தான் இருந்தார். "எங்கத்தா ஓட்டுன வள்ளம்டா, இந்தப் பலகைய எங்க போடுறது?" என்று கேட்டார். வள்ளத்தின் ஏராக் கட்டையை, அதாவது அடியில் நீளமாக ஓடும் முதுகுக் கட்டையை, இரண்டாக அறுத்து, கூட்டின் நான்கு காலுக்கும் அடியில் மணலில் படுக்க வைத்தோம். மணல் தரையில் கால் இறங்காமல் பிடித்துக்கொள்ளும், மண்ணுக்குள் இருப்பதால் கோழி அலகு படவும் படாது. காலுக்கும் ஏராவுக்கும் நடுவில் ஒரு கருங்கல் சில்லு, ஈரம் பனங்கைக்கு ஏறாமல் இருக்க. அணியத்து வளைந்த பலகை ஒன்றை வாசல் திண்ணைக்கு மேலே, கோழி எட்டாத உயரத்தில், மச்சானே சுவரில் மாட்டினார். பச்சையும் சிவப்புமாக அந்தக் காலத்துப் பெயின்ட் அப்படியே இருக்கிறது, சுரண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேலட் வந்து சேர்ந்ததும் முட்டைப்பெட்டி மூன்றும் அடிக்க வேண்டும். அதுவரை அக்கா பழைய பனை ஓலைப் பெட்டியில் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறாள். நேற்று போனில், ஒரு வெடைக்கோழி அதற்குள் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்கிறது என்றாள்.